கடல் கொண்டதும் நாம் விட்டதும்

(தொன்மமும் உண்மையும் குறித்த சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



தொன்மம் என்றால் என்ன, அதற்கும் உண்மைக்கும் என்ன உறவு என்று பேசச் சொல்லியிருக்கிறார்கள். இதைப் பற்றி உலகம் முழுக்க எழுதிக் குவித்திருக்கிறார்கள். தொன்மம் பழங்கால மனிதரின் அரைகுறை அறிவியல் என்றார் ஒருவர். கூட்டாகக் காணும் கனவு என்றார் இன்னொருவர். சடங்கு முதலில் வந்தது, கதை பின்னால் ஒட்டவைத்தது என்றார் மூன்றாமவர். ஒவ்வொரு கொள்கைக்கும் பொருந்துகிற கதைகள் இருக்கின்றன. பொருந்தாதவை அதைவிட அதிகம். அதனால் கொள்கைகளை வரிசையாக விளக்கி உங்கள் மாலைப்பொழுதைக் கெடுக்கப் போவதில்லை. ஒரே ஒரு தொன்மத்தை எடுத்துக்கொள்கிறேன். நம் எல்லோருக்கும் தெரிந்தது, அல்லது தெரியும் என்று நாம் நினைத்துக்கொண்டிருப்பது. முச்சங்கக் கதையும் கடல்கோளும்.

இந்தக் கதை விரிவாகக் கிடைக்கும் மிகப் பழைய இடம் இறையனார் களவியலுக்கு எழுதப்பட்ட உரை. எட்டாம் நூற்றாண்டை ஒட்டியது என்று பொதுவாகக் கொள்கிறார்கள். அந்த உரையில் சங்கக் கதையோடு சேர்ந்தே இன்னொரு கதை வருகிறது. மேடைகளில் அதை யாரும் அதிகம் சொல்வதில்லை. நான் அங்கிருந்து தொடங்குகிறேன்.

பாண்டிய நாட்டில் பன்னிரண்டு ஆண்டுகள் பஞ்சம். புலவர்களுக்குச் சோறு போட அரசனால் முடியவில்லை. எங்காவது போய்ப் பிழைத்துக்கொள்ளுங்கள், நாடு தேறியதும் வாருங்கள் என்று அனுப்பிவிடுகிறான். ஒருவழியாக மழை பெய்கிறது. நாலா பக்கமும் ஆள் விட்டுத் தேடுகிறான். எழுத்திலக்கணம் தெரிந்தவர்கள் வந்தார்கள், சொல்லிலக்கணம் தெரிந்தவர்கள் வந்தார்கள், யாப்புத் தெரிந்தவர்களும் வந்தார்கள். பொருளிலக்கணம் தெரிந்தவர் ஒருவர்கூட மிஞ்சவில்லை. எழுத்தும் சொல்லும் ஆராய்வது பொருளுக்காகத்தானே, அது போனபின் இவை இருந்து என்ன பயன் என்று அரசன் உடைந்துபோகிறான். அந்தக் கவலை ஆலவாய்க் கடவுளின் காதில் விழுகிறது. அவர் அறுபது நூற்பாக்களை இயற்றி, மூன்று செப்பிதழ்களில் எழுதித் தம் பீடத்துக்கு அடியில் போட்டுவைக்கிறார். கோயிலைப் பெருக்கி நீர் தெளிப்பவர் அதுவரை ஒருநாளும் பீடத்தின் அடியைப் பெருக்கியதில்லை. அன்று என்னவோ தோன்றிப் பெருக்குகிறார். செப்பிதழ்கள் துடைப்பத்தில் தட்டுப்படுகின்றன.

இறையனார் களவியல் என்ற அந்த நூல் கிடைத்துவிட்டது. இனி உரை வேண்டும். சங்கத்தார் நாற்பத்தொன்பது பேரும் ஆளுக்கொரு உரை எழுதுகிறார்கள். எது மெய்யான உரை என்று யார் சொல்வது? அரசனைக் கேட்கிறார்கள். உங்களுக்கு மேல் ஒரு நடுவனை நான் எங்கே போய்த் தேடுவேன் என்கிறான் அவன். அப்போது ஒரு குரல் ஆளைச் சுட்டிக் காட்டுகிறது. உப்பூரிகுடி கிழாரின் மகன் உருத்திரசன்மன். வயது ஐந்து. பிறவி ஊமை. அந்தப் பிள்ளையை அழைத்து வந்து வெள்ளாடை உடுத்தி, மாலை சூட்டி, உயர்ந்த ஆசனத்தில் உட்காரவைக்கிறார்கள். புலவர்கள் ஒவ்வொருவராக உரையை வாசிக்கிறார்கள். பையன் சும்மா கேட்டுக்கொண்டிருக்கிறான். மருதன் இளநாகனார் வாசிக்கும்போது சில இடங்களில் அவன் கண்ணில் நீர் வருகிறது. நக்கீரர் வாசிக்கும்போது சொல்லுக்குச் சொல் கண்ணீர் வார்ந்து, உடம்பெல்லாம் மயிர்க்கூச்செறிகிறது. மெய்யுரை இதுதான் என்று அவை எழுந்து ஆரவாரிக்கிறது.

இது நடந்ததா என்று கேட்டால், இப்படியே நடந்திருக்காது என்று எட்டாம் வகுப்புப் பிள்ளையும் சொல்லும். ஆனால் கதை என்ன செய்கிறது என்று பாருங்கள். உண்மையை எப்படிக் கண்டுபிடிப்பது என்ற கேள்வியை அதுவே எழுப்புகிறது. வாதத்தில் வென்றவர் பக்கம் போகவில்லை. அரசன் தீர்ப்பை நாடவில்லை; அரசனே கையை விரித்துவிடுகிறான். கடவுள் இயற்றிய நூல்தான், என்றாலும் அதற்கு உரை எது என்று கடவுளும் நேராகச் சொல்லவில்லை. பேச வராத ஒரு பிள்ளையின் உடம்பு சாட்சி சொல்கிறது. கவிதையின் பொருள் பற்றி இதைவிடக் கூர்மையான ஒரு கருத்தைப் பழைய தமிழில் நான் படித்ததில்லை. அதை வாக்கியமாகச் சொல்லாமல் கதையாகச் சொல்லியிருக்கிறார் உரைகாரர், அவ்வளவுதான்.

இதில் வரலாறு துளியும் இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. அகநானூற்றைத் தொகுத்தவர் மதுரை உப்பூரிகுடி கிழார் மகன் உருத்திரசன்மன் என்பது வழிவழியாக வரும் செய்தி. பெயர் அதே, தகப்பன் பெயர் அதே. நானூறு பாடல்களைப் பொறுக்கி எடுத்த ஒரு தொகுப்பாசிரியர் கதைக்குள் ஊமைப் பிள்ளையாகிவிட்டார். ஏன் ஊமை? என் ஊகத்தைச் சொல்கிறேன், ஏற்பதும் தள்ளுவதும் உங்கள் பாடு. தொகுப்பவர் சொந்தமாக ஒரு சொல்லும் பேசுவதில்லை. எந்தப் பாட்டை வைத்தார், எதை விட்டார் என்பதில்தான் அவருடைய தீர்ப்பு முழுவதும் இருக்கிறது.

இப்போது சங்கங்களுக்கு வருவோம். முதற்சங்கம் 4440 ஆண்டு, இடைச்சங்கம் 3700 ஆண்டு, கடைச்சங்கம் 1850 ஆண்டு. முதலாவதில் 89 பாண்டியர், இரண்டாவதில் 59 பேர், மூன்றாவதில் 49 பேர். வகுத்துப் பாருங்கள். முதற்சங்கத்துப் பாண்டியர் சராசரியாக ஆளுக்கு ஐம்பது வருஷம் ஆண்டிருக்கிறார்கள். இடைச்சங்கத்தார் அறுபத்திரண்டு வருஷத்துக்கும் மேல், தொடர்ந்து ஐம்பத்தொன்பது பேர். எந்த அரச குலத்திலும் இப்படி ஒரு ஆயுள் பலம் கிடையாது. அடுத்து இன்னொரு வேடிக்கை, ஆய்வாளர்கள் முன்பே கவனித்தது. 4440, 3700, 1850 மூன்றையும் 37 மீதியில்லாமல் வகுக்கும். 120 முப்பத்தேழு, 100 முப்பத்தேழு, 50 முப்பத்தேழு. உட்கார்ந்து கணக்குப் போட்டு அமைத்த எண்கள் இவை. முதற்சங்கத்தில் சிவபெருமானும் முருகனும் குபேரனும் உறுப்பினர்கள். அவர்கள் பக்கத்தில் முரஞ்சியூர் முடிநாகராயர் உட்கார்ந்திருக்கிறார். புறநானூற்றில் அவர் பாட்டு நம் கையில் இருக்கிறது; சேரமான் உதியஞ்சேரலைப் பாடியது. கடவுளும் கவிஞரும் ஒரே பலகையில்.

இதைப் பார்த்துவிட்டு உரைகாரர் புளுகினார் என்று சிலர் முடிவுகட்டினார்கள். இன்னும் சிலர், இல்லை, ஒவ்வொரு எண்ணும் சரி என்று மல்லுக்கு நின்றார்கள். இரண்டு தரப்பும் அந்த உரையை ஆவணமாகவே பார்த்தன. இங்கே ஒரு மானிடவியலாளரை மட்டும் துணைக்கு அழைக்கிறேன். போலந்தில் பிறந்த மலினோவ்ஸ்கி பசிபிக் கடலில் டிரோப்ரியண்ட் தீவுகளில் தங்கி அந்த மக்களோடு வாழ்ந்தவர். 1926இல் எழுதிய சிறு நூலில், அங்கே தொன்மம் எதையும் விளக்குவதற்காகச் சொல்லப்படவில்லை என்றார். இந்த நிலம் எங்கள் குலத்துக்கு உரியது, ஏனென்றால் எங்கள் முதல் மூதாதை இந்தப் பொந்திலிருந்துதான் வெளியே வந்தார் என்று சொல்வார்கள். அதாவது கதை ஒரு பட்டயம். உரிமையை நிலைநாட்டும் பத்திரம்.

களவியல் உரையைப் பட்டயமாக வாசித்தால் அது சட்டென்று பிடிபடுகிறது. நக்கீரர் தம் மகன் கீரங்கொற்றனாருக்குச் சொன்னார், அவர் தேனூர் கிழாருக்குச் சொன்னார் என்று தொடங்கி, முசிறி ஆசிரியர் நீலகண்டனார் வரை ஒரு சங்கிலியை உரை தருகிறது. மொத்தம் பத்துப் பேர். சங்க காலத்தையும் எட்டாம் நூற்றாண்டையும் இணைக்கப் பத்துத் தலைமுறை போதாது. ஆனால் அந்தச் சங்கிலி காலக்கணக்கு காட்டுவதற்காக வரவில்லை. நான் சொல்லும் பொருள் என் சரக்கு இல்லை, ஊமைப் பிள்ளையை அழவைத்த அதே உரை என்று நிறுவ வந்தது. அதே உரையில் உதாரணத்துக்குக் காட்டும் கோவைப் பாடல்களில் பெரும்பாலானவை ஏழாம் நூற்றாண்டுப் பாண்டியன் நெடுமாறனைப் புகழ்பவை. ஆள்கிற குலத்துக்கும் ஒரு பட்டயம் அதிலேயே கிடைத்துவிடுகிறது. தமிழை வளர்த்தது யார்? எண்பத்தொன்பதும் ஐம்பத்தொன்பதும் நாற்பத்தொன்பதும், எல்லாம் பாண்டியர். சேரனும் சோழனும் இந்தக் கதையில் வாசலுக்கு வெளியே நிற்கிறார்கள்.

கடலுக்கு வருகிறேன். கடல் நிலத்தை விழுங்கிய செய்தி உரைகாரர் கற்பனையில்லை, அவருக்கு முன்பே இருக்கிறது. கலித்தொகையில், கடல் பொங்கி நாட்டைக் கொண்டபோது பாண்டியன் சேரனிடமும் சோழனிடமும் நிலத்தை வென்று அந்த இழப்பை ஈடுகட்டியதாக ஒரு பாட்டுச் சொல்கிறது. சிலப்பதிகாரத்தில் பஃறுளி ஆற்றையும் குமரிக்கோட்டையும் கடல் கொண்ட பிறகு வடக்கே கங்கையும் இமயமும் கொண்ட பாண்டியன் வருகிறான். இரண்டிலும் போனது நிலம், கிடைத்ததும் நிலம். அரசனின் வீரத்தைச் சொல்ல வந்த இடங்கள் அவை. நூல்கள் மூழ்கியதாக அங்கே பேச்சே இல்லை. புகார் நகரைக் கடல் கொண்டதை மணிமேகலை சொல்கிறது. அங்கே காரணம் வேறு, இந்திர விழாவை நடத்தாமல் விட்டது. மூன்று நூல்களில் இரண்டு வேலை பார்க்கிறது ஒரே கடல்.

களவியல் உரையில் மூன்றாவது வேலை. முதற்சங்கம் இருந்த மதுரையைக் கடல் கொண்டது, இடைச்சங்கம் இருந்த கபாடபுரத்தைக் கடல் கொண்டது என்று சொல்லும் உரைகாரர், கூடவே நூல்களின் பெயரை அடுக்குகிறார். பரிபாடல், முதுநாரை, முதுகுருகு, களரியாவிரை, பிறகு கலி, குருகு, வெண்டாளி, வியாழமாலை அகவல். இவற்றில் ஒன்றிரண்டு பெயர் தவிர மற்றவை பற்றி வேறெங்கும் ஒரு தகவலும் இல்லை. சங்கச் செய்திக்குள் முதன்முறையாக நூலிழப்பு என்ற துக்கம் நுழையும் இடம் இது. அந்தத் துக்கம் மெய்யானது. எட்டாம் நூற்றாண்டில் உட்கார்ந்து அகப்பொருளுக்கு உரை எழுதும் ஒருவருக்கு, தன் முன்னால் இருப்பது எச்சம்தான், பெரும்பகுதி போய்விட்டது என்று தெரியும். எப்படிப் போயிற்று, எவ்வளவு போயிற்று என்று தெரியாது. தெரியாததன் அளவைச் சொல்லத்தான் 4440 என்ற எண், 4449 புலவர் என்ற எண். இழப்பு பெரியது என்பதே அதன் பொருள்.

இது இப்படியே இருந்திருந்தால் இந்தக் கதை நலமாக இருந்திருக்கும். 1864இல் லண்டனில் ஒருவர் ஒரு கட்டுரை எழுதினார்.

பிலிப் ஸ்கிளேட்டர் ஒரு விலங்கியலாளர். மடகாஸ்கர் தீவின் பாலூட்டிகளைப் பற்றி எழுதும்போது அவருக்கு ஒரு சிக்கல். லெமூர் என்ற விலங்கு மடகாஸ்கரில் ஏராளம். பக்கத்திலேயே இருக்கும் ஆப்பிரிக்காவில் அதன் சொந்தக்காரர்கள் கொஞ்சம்தான். கடல் கடந்து இந்தியாவில் உறவுக்காரர்கள் இருக்கிறார்கள். யார் அந்த உறவு? நம் ஊர் தேவாங்கு. திண்டுக்கல், கரூர் மாவட்டக் காடுகளில் இரவில் திரியும், பெரிய கண்ணும் குச்சிக் கையுமாக இருக்கும் அதே பிராணி. 2022இல் கடவூரில் அதற்கென்று ஒரு சரணாலயம் அறிவித்தார்கள். இந்த விலங்குகள் நீந்தி வந்திருக்க முடியாது, அதனால் இடையில் ஒரு கண்டம் இருந்து பிறகு மூழ்கியிருக்க வேண்டும் என்றார் ஸ்கிளேட்டர். அதற்கு லெமூரியா என்று பேர் வைத்தார். அக்கால அறிவியலுக்குள் அது நியாயமான ஊகம்தான். கண்டங்கள் நகரும் என்று அப்போது யாரும் ஒப்புக்கொள்ளவில்லை.

ஜெர்மானிய உயிரியலாளர் ஹெக்கல் அந்தக் கண்டத்தில் மனித இனத்தின் தொட்டிலைக் கட்டினார். 1888இல் பிளாவட்ஸ்கி அம்மையார் தம் ‘ரகசியக் கோட்பாடு’ நூலில் அங்கே பூதாகாரமான ஆதி மனிதர்களைக் குடியேற்றினார். அவருடைய பிரம்மஞான சபையின் தலைமையகம் 1882 முதல் நம் அடையாற்றில்தான். அங்கிருந்து தமிழ்ப் புலவர்கள் கைக்கு லெமூரியா வந்து சேர அதிக காலம் ஆகவில்லை. பஃறுளியும் குமரிக்கோடும் ஏற்கெனவே இருந்தன. கந்தபுராணத்தில் குமரிகண்டம் என்ற பெயரும் இருந்தது. சிலப்பதிகார உரையில் அடியார்க்கு நல்லார், பஃறுளி ஆற்றுக்கும் குமரி ஆற்றுக்கும் நடுவே எழுநூற்றுக் காவதம், ஏழு ஏழாக நாற்பத்தொன்பது நாடுகள் என்று எழுதியிருந்தார். தெற்கெல்லையாக ஆற்றைச் சொல்லாமல் கடலை ஏன் சொன்னார் இளங்கோ என்ற ஒரு பாடச் சிக்கலைத் தீர்க்க அவர் எழுதியது அது. இப்போது அது நில அளவைப் பத்திரம் ஆகிவிட்டது.

காவதத்துக்குப் பத்து மைல் என்ற வழக்குக் கணக்கை வைத்துப் பாருங்கள், 7,000 மைல். கன்னியாகுமரியிலிருந்து தென்துருவம் 6,800 மைலுக்குள்தான். நாற்பத்தொன்பது நாடுகளில் கடைசி ஒன்றிரண்டு துருவத்தைத் தாண்டி அந்தப் பக்கம் போய்விடும். காவதத்தின் அளவு இடத்துக்கு இடம் வேறுபடும் என்பது எனக்கும் தெரியும். வரைபடம் வரையக் கிளம்புகிறவர்கள் முதலில் இந்தப் பெருக்கலைப் போட்டுப் பார்த்திருக்கலாம் என்றுதான் சொல்கிறேன்.

முன்வரிசையில் இரண்டொரு முகம் சுருங்குவது தெரிகிறது. அந்தப் புலவர்களைக் கேலி செய்ய நான் இங்கே வரவில்லை. அவர்கள் வாழ்ந்த காலத்தை நினைக்க வேண்டும். இந்தியாவின் பழமை என்றாலே வேதமும் சமஸ்கிருதமும் என்று பல்கலைக்கழகங்கள் முடிவுசெய்திருந்த காலம். புறநானூறு அச்சில் வந்ததே 1894இல். சிந்துவெளி நாகரிகத்தைத் தொல்லியலாளர் மார்ஷல் உலகுக்கு அறிவித்தது 1924இல். கீழடியில் முதல் குழி வெட்ட இன்னும் தொண்ணூறு வருஷம் இருந்தது. கையில் மண்சான்று எதுவும் இல்லாமல், எங்கள் மொழி பழையது என்று மெய்யாகவே உணர்ந்த ஒருவர், மேல்நாட்டு விஞ்ஞானியே ஒரு மூழ்கிய கண்டத்தை ஒப்புக்கொள்கிறார் என்று கேட்டால் துள்ளிக் குதிக்காமல் என்ன செய்வார்?

தொல்லை என்னவென்றால், அந்த விஞ்ஞானிகள் பிறகு அதைக் கைவிட்டுவிட்டார்கள். 1912இல் ஜெர்மானிய அறிவியலாளர் வெகனர் கண்டங்கள் நகர்கின்றன என்றார். ஐம்பது வருஷம் அவரைச் சிரித்து ஒதுக்கிய உலகம் 1960களில் கடலடித் தரையை அளந்த பிறகு ஒப்புக்கொண்டது. மடகாஸ்கரும் இந்தியாவும் ஒட்டியிருந்தவைதான், ஏறத்தாழ 8.8 கோடி ஆண்டுகளுக்கு முன் பிரிந்தன. நடுவில் எதுவும் மூழ்கவில்லை, இரண்டும் விலகிப் போயின. மனித இனத்துக்கு வயது சுமார் மூன்று லட்சம் ஆண்டு. 8.8 கோடி ஆண்டுகளுக்கு முன் சங்கம் கூடியிருந்தால் அதில் தலைவர் டைனோசராகத்தான் இருந்திருக்க வேண்டும்.

கிரேக்கத்திலும் இதே விபத்து நடந்தது. கவிஞர்கள் பொய் சொல்கிறார்கள், நல்ல நகரத்தில் அவர்களுக்கு இடமில்லை என்று எழுதிய பிளேட்டோ, தமக்கு வேண்டியபோது தாராளமாகக் கதை புனைந்தவர். அட்லாண்டிஸ் அவர் சொன்ன கதை. செல்வமும் கடற்படையும் பெருத்து ஆணவம் பிடித்த ஒரு தீவு ஒரே பகலிலும் இரவிலும் மூழ்கிப்போகிறது. கடற்படையால் பெருமை பிடித்து அழிந்த தம் ஏதென்ஸுக்கு அவர் காட்டிய கண்ணாடி என்று பலர் அதை வாசிக்கிறார்கள். 1882இல் அமெரிக்க அரசியல்வாதி டொனெல்லி அதை அப்படியே வரலாறு என்று ஒரு புத்தகம் போட்டார். அன்று முதல் ஆட்கள் கடலுக்கடியில் தேடுகிறார்கள். ஆணவத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

தொன்மத்தை அறிவியலின் நீதிமன்றத்தில் சாட்சிக் கூண்டில் ஏற்றினால் இதுதான் கதி. குறுக்கு விசாரணையில் அது தோற்கும். தோற்றபின் அது சொல்ல வந்த நியாயமான செய்தியையும் யாரும் கேட்கமாட்டார்கள்.

ஆனால் இதோடு நிறுத்தினால் நான் பாதிதான் சொன்னவன் ஆவேன். தொன்மம் நடந்ததைச் சொல்லவே சொல்லாது என்பதும் தவறு. அமெரிக்காவின் வடமேற்குக் கரையில் வாழும் தொல்குடிகளிடம் இடிப்பறவையும் திமிங்கிலமும் போரிட்ட கதை உண்டு. நிலம் அதிரும், கடல் எழும், படகுகள் மரக்கிளையில் தொங்கும். வான்கூவர் தீவின் பச்சீனா வளைகுடாவில் ஓர் ஊரே குளிர்கால இரவில் தூக்கத்தில் அடித்துச் செல்லப்பட்டதாக ஹூ-ஐ-ஆத் மக்கள் சொல்லி வந்தார்கள். கேட்டவர்கள் கதை என்று எழுதிவைத்துக்கொண்டார்கள். பிற்பாடு நிலவியலாளர்கள் கரையோரச் சேற்றில் மூழ்கிச் செத்த மரங்களைக் கண்டார்கள். ஜப்பானில், நில நடுக்கம் எதுவும் இல்லாமல் ஒரு பேரலை வந்து கரையை அடித்ததாக ஊர்ப் பதிவேடுகளில் இருந்தது. இரண்டையும் சேர்த்து 1996இல் கணக்குப் போட்டார்கள். 1700 ஜனவரி 26, அந்தக் கரையில் இரவு ஒன்பது மணியை ஒட்டி, ஏறக்குறைய 9 என்ற அளவில் ஒரு நடுக்கம். குளிர்கால இரவு என்று கதை சொன்னது சரி. முந்நூறு வருஷம் அந்த மக்கள் சாட்சி சொல்லிக்கொண்டே இருந்தார்கள், கேட்கத்தான் ஆளில்லை.

சுமத்ராவுக்கு மேற்கே சிமெலூ என்று ஒரு தீவு. 1907இல் அங்கே ஆழிப்பேரலை வந்து ஏராளமானோர் இறந்தார்கள். மிஞ்சியவர்கள் அதைத் தாலாட்டாகவும் கதையாகவும் பிள்ளைகளுக்குச் சொன்னார்கள். பூமி பலமாக ஆடி, கடல் உள்வாங்கினால் மேட்டுக்கு ஓடு. அந்த அலைக்கு அவர்கள் வைத்த பெயர் ஸ்மோங். 2004 டிசம்பர் 26 காலை, நடுக்கத்தின் மையத்துக்கு மிக அருகில் இருந்த இடங்களில் அந்தத் தீவும் ஒன்று. யாரோ ஸ்மோங் என்று கத்தினார்கள், தீவே மலையேறியது. ஏறத்தாழ 78,000 பேரில் இறந்தவர்கள் ஏழு பேர்.

அதே காலை சில மணி நேரம் கழித்து அலை நம் கரைக்கு வந்தது. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் மாண்டார்கள். உலகத்திலேயே கடல்கோளைப் பற்றி அதிகம் பேசிய சமூகம் எது என்றால் நாம்தான். இலக்கியத்தில் இருக்கிறது, பாடநூலில் இருக்கிறது, மாநாட்டு மலர்களில் இருக்கிறது. கடல் உள்வாங்கினால் ஓடு என்ற ஒரு வரி அதில் எங்கும் இல்லை. நம் கடல்கோள் கதை எப்போதோ கரையை விட்டு ஏறி ஏட்டுக்குள் போய்விட்டது. அது புலவர்களின் கதை. மீனவர்களின் கதையாக இருந்திருந்தால் வேறு மாதிரி இருந்திருக்கும். இதில் யாரையும் குற்றம் சொல்வதற்கில்லை. ஒரு தொன்மம் எதை நினைவில் வைக்கும் என்பது, அதை யார், எதற்காகச் சொல்லிவந்தார்கள் என்பதைப் பொறுத்தது.

நம் கதைக்குள்ளும் பழைய கடல் மட்ட உயர்வின் நினைவு இருக்கக்கூடாதா என்று கேட்பீர்கள். இருக்கலாம். இருபதாயிரம் ஆண்டுகளுக்கு முன் கடல் இன்றைக்கு இருப்பதைவிட 120 மீட்டர் தாழ்வாக இருந்தது. பாக் நீரிணை அன்று நடந்து போகும் தரை. குமரி முனைக்குத் தெற்கேயும் கொஞ்சம் நிலம் நீண்டிருந்தது. பனி உருகக் கடல் ஏறிற்று. ஆஸ்திரேலியத் தொல்குடிகள் ஏழாயிரம் ஆண்டுகளுக்கு முந்திய அந்த ஏற்றத்தை இருபத்தொரு கடற்கரை இடங்களில் கதையாக வைத்திருப்பதாக பேட்ரிக் நன், நிக்கலஸ் ரீட் என்ற இரு ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். ஆகவே பஃறுளி என்ற பெயரில் ஒரு பழைய கரையின் நினைவு தங்கியிருப்பது நடக்காத காரியமில்லை. ஆனால் கொஞ்சம் தரையிலிருந்து நாற்பத்தொன்பது நாட்டுக்குப் போகவேண்டுமானால் நடுவில் நிறையக் கற்பனை வேண்டும். நூலகம் வேண்டுமென்றால் இன்னும் வேண்டும்.

நூலகத்துக்கே வருகிறேன். என் மனதை உறுத்தும் விஷயம் அதுதான்.

நூல்களைக் கடல் கொண்டது என்று சொல்லும்போது நம் துக்கத்தைச் சொல்கிறோம். கூடவே ஒரு தீர்ப்பும் எழுதிவிடுகிறோம், குற்றவாளி கடல் என்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் சுவடி தேடி அலைந்தவர்கள் எழுதியதைப் படித்தால் குற்றவாளிகள் வேறு. சி. வை. தாமோதரம் பிள்ளை தம் பதிப்புரைகளில் ஏடுகளின் நிலையை எண்ணி அழாத குறையாக எழுதுகிறார். கட்டை அவிழ்த்தால் ஏடு ஒடிகிறது, புரட்டினால் ஓரம் உதிர்கிறது, துளை எங்கே எழுத்து எங்கே என்று தெரியவில்லை. செல்லரிப்பு, ராமபாணப் பூச்சி, வீட்டுப் பரணில் ஒழுகிய மழை. பழைய ஏடுகளை ஆடிப்பெருக்கன்று மஞ்சள் குங்குமம் இட்டு ஆற்றில் விடுவது பல குடும்பங்களில் புண்ணிய காரியம். சரஸ்வதியைக் குப்பையில் போடக்கூடாது என்ற மரியாதைதான் காரணம். உ. வே. சாமிநாதையர் சங்கரன்கோயிலுக்கு அருகே கரிவலம்வந்தநல்லூர் கோயிலுக்குப் போகிறார். வரதுங்கராம பாண்டியரின் ஏட்டுச்சுவடிகள் அங்கே இருந்ததாகக் கேள்வி. எங்கே என்று கேட்கிறார். நெய்யில் தோய்த்து ஹோமத்தில் போட்டுவிட்டோம், பழைய ஏடுகளை அப்படித்தான் செய்யவேண்டுமாம், ஆகமத்தில் இருக்கிறதாம் என்று பதில் வருகிறது. அலட்சியம்கூட இல்லை பாருங்கள், பக்தி. நெய்க்குச் செலவழித்திருக்கிறார்கள்.

நான் இதைச் சொன்னால், அது பிற்காலம், முதற்சங்க நூல்கள் வேறு என்று ஒரு மறுப்பு வரும். சரி, கண்ணெதிரே இருந்த ஒரு நூலை எடுத்துக்கொள்வோம். வளையாபதி. ஐம்பெருங்காப்பியங்களில் ஒன்று. மூழ்கிய நாட்டில் பிறந்தது என்று அதை யாரும் சொல்லமாட்டார்கள். திருவாவடுதுறை மடத்துச் சுவடிகளில் அதன் ஏட்டைத் தாம் பார்த்ததாக உ. வே. சா. சொல்லியிருக்கிறார். அவர் மாணவராக இருந்த காலம் அது, பழைய காப்பியங்களில் அவருக்கு இன்னும் நாட்டம் பிறக்கவில்லை. 1880இல் கும்பகோணத்தில் சேலம் இராமசுவாமி முதலியார், சிந்தாமணி படித்ததுண்டா, மணிமேகலை படித்ததுண்டா என்று கேட்டதற்குப் பிறகுதான் அவர் வாழ்க்கை திரும்புகிறது. பிறகு போய்த் தேடினால் வளையாபதி ஏடு இல்லை. ஒரு முழுக் காப்பியம் பத்தொன்பதாம் நூற்றாண்டில், சோழநாட்டின் நடுவில், கடல் எட்டாத தூரத்தில், நூல்களைப் போற்றுவதையே கடமையாகக் கொண்ட ஒரு மடத்தில் காணாமல் போயிற்று.

களவியல் உரைகாரருக்கு இது தெரிந்திருந்தது என்று நான் நினைக்கிறேன். முதல் இரண்டு இழப்புக்கும் அவர் கடலைச் சொன்னார். மூன்றாவது இழப்பு, அவர் காலத்துக்கு மிக நெருங்கிய இழப்பு, பொருளிலக்கணம் போனது. அதற்குக் கடலை அவர் கூப்பிடவில்லை. பஞ்சம் வந்தது, அரசனால் சோறு போட முடியவில்லை, தெரிந்தவர்கள் சிதறிப்போனார்கள், அவர்களோடு அதுவும் போயிற்று என்று எழுதினார். தூரத்து இழப்புக்கு இயற்கை, கிட்டத்து இழப்புக்கு மனிதர். நாம் அவரிடமிருந்து கடலை மட்டும் எடுத்துக்கொண்டோம். அதில் பெருமை இருக்கிறது, பொறுப்பு இல்லை. பஞ்சத்தை எடுத்திருந்தால் அரசுகளையும் மடங்களையும் நம் வீட்டுப் பரணையும் கேள்வி கேட்க வேண்டியிருக்கும்.

தொன்மம் உண்மையா என்று யாராவது கேட்டால் இந்த இரட்டை வேலையைத்தான் நான் காட்டுவேன். ஒரு கையால் உண்மையை எடுத்து நீட்டுகிறது, இன்னொரு கையால் மற்றொன்றை முந்தானைக்குள் மறைக்கிறது. நம்புகிறவர் நீட்டிய கையை மட்டும் பார்க்கிறார். உடைக்க வருபவர் மறைத்த கையைப் பிடித்து இழுக்கிறார். வாசகருக்கு இரண்டு கையும் வேண்டும்.

வளையாபதிக்கு ஒரு பின்கதை உண்டு, அதோடு முடித்துக்கொள்கிறேன். இன்று அதில் எழுபதுக்குச் சற்று அதிகமான பாடல்கள் கிடைக்கின்றன. அவற்றில் பெரும்பகுதி புறத்திரட்டு என்ற தொகை நூலில் இருந்ததால் தப்பியவை. பல நூல்களைப் படித்து, அறமும் பொருளும் பற்றிய நல்ல பாடல்களைத் தலைப்பு வாரியாகப் பொறுக்கி, எந்த நூலிலிருந்து எடுத்தது என்று குறித்துவைத்த ஒருவரின் வேலை அது. குண்டலகேசியில் இன்று நமக்கு எஞ்சியிருப்பவற்றிலும் பெரும்பகுதி அவர் புண்ணியம்தான். வையாபுரிப் பிள்ளை அதை அச்சிட்டார். தொகுத்தவர் பெயர் தெரியாது, ஊர் தெரியாது. அவரைப் பற்றி நம்மிடம் ஒரு தொன்மமும் கிடையாது. யாராவது ஒன்று உண்டாக்கினால் எனக்கு ஆட்சேபம் இல்லை. அதில் கடல் மட்டும் வரவேண்டாம்.

கேள்விகள் இருந்தால் கேட்கலாம். 37 பற்றி வேண்டாம், அதற்கு மேல் எனக்குக் கணக்கு வராது.